செட்டில் பண்ணிடுங்க மேடம்

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு... ஆறாவது நடைமேடைக்கு வர வேண்டிய பேருந்து, மழை காரணமாக இருபது நிமிடம் தாமதமாக வரும்..."

வேகமாக நடந்து கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

இந்தக் குரல்...

பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரையில் மழை கொட்டித் தீர்த்துக் கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஒலிபெருக்கிக் குரல் நிதானமாக, இதமாக வந்தது... நனைந்து வருகிறவளுக்குக் குடையை நீட்டுகிற மாதிரி. நல்ல குரல்தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறியது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூன்று மாதம், தினமும் காலையில் போனில் வந்த குரல் இது. "மேடம், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பிக்கும். ஒரு நிமிஷம் என்றால் இருபது நிமிஷம். பேர் கேட்டால் நாளைக்கொரு பேர் சொல்லும். அதனால் அவளே ஒரு பேர் வைத்துவிட்டாள். ஒருநிமிஷம்.

"யாருடி போன்ல?" என்பாள் அக்கா.

"ஒருநிமிஷம்க்கா."

"சரி, ஒரு நிமிஷம் கழிச்சே சொல்லு."

அப்போது சிரித்தார்கள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கடன் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே கடன் அதிகாரியம்மா ஒரு தாளைத் திருப்பி வைத்து, ஒரே ஒரு வரியின்மேல் பேனாவை வைத்தாள்.

"உங்க பழைய மெஷின் லோன் 'செட்டில்டு'ன்னு இருக்கே. அதான் கிரெடிட் ஸ்கோர் இப்படித் தரையில கிடக்கு."

"ஆமா மேடம், செட்டில் பண்ணிட்டேன். நல்லதுதானே?"

"'க்ளோஸ்டு'ன்னு இருந்தாத்தான்மா நல்லது. செட்டில்டுன்னா, முழுசா கட்ட முடியாதவங்ககிட்ட கிடைச்சதை வாங்கிட்டு விட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

கடன் தீர்ந்ததென்று கம்பெனி கொடுத்த கடிதத்தை ஐந்து வருஷமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்... பரிசு வாங்கின சான்றிதழ் மாதிரி.

பல் செட் செய்வது அவள் தொழில். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வாடகை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகு உருக்கி, பல் அடுக்கி, ராவி, மெருகேற்றி அனுப்புவாள். பீங்கான் பல் சுடும் சின்ன உலை ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தாள். பெரிய வாடிக்கையாளரான டாக்டர் ஒருநாள் பாக்கியைக் கொடுக்காமலே ஆஸ்பத்திரியை மூடிவிட்டுப் போனார். தவணை நின்றது. குரல் வந்தது. உலையை விற்று, குரல் கேட்ட தொகையை அப்படியே கட்டினாள்.

இப்போது வீட்டுக்கார அம்மா வீட்டை விற்கப் போகிறாள். "பத்து வருஷம் இருந்தவ, உனக்குத்தான் முதல்ல கேக்கறேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம்." ராவுகிற மெஷின் சத்தத்துக்கும் அச்சு மாவுத் தூசிக்கும் வேறு எவரும் வாடகைக்கு விட மாட்டார்கள். வீடு போனால் தொழிலும் போகும்.

அவள் பஸ் ஏறவில்லை. படி ஏறினாள். ஒலிபரப்பு அறையின் கதவை உள்ளங்கையால் தட்டினாள்.

கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கத்தில் எழுப்பின குழந்தை மாதிரி பெரிய கண்கள்... சே, கண்ணையா பார்க்க வந்தோம்?

"நீங்கதானே ஒருநிமிஷம்?"

"என்னங்க?"

"செட்டில் பண்ணிடுங்க மேடம், செட்டில் பண்ணிட்டா நிம்மதியாயிடும்னு தினமும் போன்ல உருகினது நீங்கதானே?"

அவன் முகம் வெளுத்தது. "மேடம், ஒரு நிமிஷம்..."

"அதேதான்... அதே இழுவைதான். உங்க பேச்சை நம்பி இருந்ததை வித்து உங்க கையில கொடுத்தேன். செட்டில் ஆயிட்டோம்னு நிம்மதியா இருந்தேன். இன்னைக்குத்தான் தெரியுது, அஞ்சு வருஷமா என் பேரு கெட்டுக் கிடக்குன்னு."

"...கெட்டுக் கிடக்குன்னு," என்றது ஆறாவது நடைமேடை.

மேசைமேல் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்து கொண்டிருந்தது.

அவன் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தான். அதற்குள் பஸ் ஸ்டாண்டே மேலே அண்ணாந்து பார்த்தது. ஒரு கூடைக்கார அம்மா இடுப்பில் கூடையோடு படியேறி வந்தே விட்டாள்.

"ஏம்ப்பா, செட்டில் பண்றேன்னு சொல்லிப் பொண்ணுகிட்ட காசையும் வாங்கிட்டு, அஞ்சு வருஷமா இங்க உட்கார்ந்து பஸ் நம்பர் படிச்சுட்டு இருக்கியா? மூஞ்சியைப் பார்த்தா ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கு."

"அம்மா, நான் கடனைச் சொன்னேன்மா," என்றாள் இவள்.

"கடன் வேற வாங்கினானா?"

கீழேயிருந்து ஒரு கண்டக்டர் கத்தினார். "தம்பி, சட்டுபுட்டுனு கல்யாணத்தைப் பண்ணிட்டு என் பஸ்ஸை அறிவிச்சு விடுப்பா."

கோபத்தோடு வந்தவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்து அடக்கினாள். அதைப் பார்த்து அவனுக்கும் உதடு துடித்தது... அவள் முறைத்ததும் அடங்கிவிட்டது.

கூடைக்கார அம்மாவை ஒருவழியாக அனுப்பிவிட்டு, அவன் மெதுவாகச் சொன்னான். "அந்த வேலையை அப்பவே விட்டுட்டேங்க. செட்டில்டுன்னா என்னன்னு அப்போ எனக்கும் தெரியாது." மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் என்ன சொல்லி உங்களைக் கட்ட வெச்சேன்னு எழுதித் தர்றேன். கம்பெனிக்காரங்க பதில் சொல்லியாகணும்."

"நம்பலாமா?"

"நம்பாதீங்க. எழுதினதைப் படிச்சுப் பாருங்க."

அவள் கொடுத்த விலாசத்துக்கு மூன்றாம் நாள் வந்தான். அவள் பின்னறையில் மேலங்கியோடு உட்கார்ந்து, ஒரு கீழ்வரிசைப் பல்லை ராவிக் கொண்டிருந்தாள். புருவத்தில்கூட வெள்ளைத் தூசி. அலமாரி முழுக்க, தட்டுத்தட்டாக, பல் செட்டுகள்.

"இத்தனை பேர் சிரிக்கிறாங்க. நீங்க மட்டும் சிரிக்க மாட்டேங்கறீங்க."

"அவங்களுக்கெல்லாம் கடன் இல்லை."

அவன் சிரித்தான். மேல்வரிசை அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள்... தொழில் புத்தி, வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். நாலாவது வரியில் கண் நின்றது.

'இனி எந்தப் பதிவும் இருக்காது என்று நான் அவரிடம் கூறினேன். அது பொய் என்று தெரிந்தே கூறினேன்.'

மெஷினை நிறுத்தினாள்.

"அன்னைக்குத் தெரியாதுன்னீங்க."

"அன்னைக்குப் பொய் சொன்னேன். நீங்க அப்படி வந்து நின்னப்போ... சொல்ல வாய் வரலை."

"அப்போ தெரிஞ்சேதான் சொன்னீங்க. தினமும்."

"தெரிஞ்சேதான். அப்படிச் சொல்லுன்னு எழுதியே கொடுத்திருந்தாங்க. உங்களுக்குப் பிறகும் ரெண்டு மாசம் சொன்னேன். அப்புறம் முடியலை."

"இந்த வரியை எழுதாம இருந்திருக்கலாமே."

"அது இல்லைன்னா இந்தத் தாள் எதுக்கும் உதவாதுங்க. தெரியாத பையன் உளறிட்டான்னு சொல்லித் தப்பிச்சுடுவாங்க."

அவள் தாளை மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது. "போங்க," என்றாள். போனான். ஆனால் தாளை அவள் கிழிக்கவில்லை.

மறுநாள் கம்பெனிக்குப் போனால், புகார்ப் பிரிவு வாசலில் பெஞ்சில் அவன்.

"நான் கூப்பிடலையே."

"வருவீங்கன்னு தெரியும். தாளை நம்ப மாட்டாங்க. ஆளைப் பார்த்தா நம்புவாங்க."

உள்ளே டை கட்டின மேனேஜர் தாளை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"மேடம், அன்னைக்குத் தள்ளுபடி பண்ணின தொகையைக் கட்டிடுங்க. க்ளோஸ்டுன்னு மாத்தித் தர்றோம்."

"தாராளமா கட்டறேன் சார். அன்னைக்கு நாங்க பொய் சொல்லித்தான் வாங்கினோம்னு உங்க லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இங்கேயே பணத்தை எடுத்து வெக்கறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"அப்போ கட்டவும் முடியாது. கேட்டதைக் கேட்ட நாள்ல கொடுத்தவ நான். என் பேர்ல கறை வெச்சது நீங்க. நீங்கதான் துடைக்கணும்."

மேனேஜர் அவனைப் பார்த்தார். "நீ நம்மகிட்ட வேலை பார்த்தவன்தானே? எங்க கேட்டாலும் இதையேதான் சொல்லுவியா?"

"எங்க கேட்டாலும் சொல்லுவேன் சார். என் வேலையே சத்தமா சொல்றதுதான்."

மூன்று வாரம் பொறுங்கள் என்றார்கள்.

வெளியே மழை. படிக்கட்டில் இருவரும் ஒதுங்கினார்கள். ஒரே குடை... அதை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தான். அவன் தோளில் தண்ணீர் ஓடியது. இந்த ஆள்மேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று மனசுக்குள் தேடினாள்... கிடைக்கவில்லை.

அப்போதுதான் அக்காவின் போன். விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"ஏண்டி, நல்ல ஸ்கோர் உள்ளவங்க யாராவது கூடக் கையெழுத்துப் போட்டா உடனே கடன் தருவாங்களாமே. புருஷன் போடலாமாம். ஸ்கோர் உள்ள மாப்பிள்ளையா பார்க்கவா?"

"பாருக்கா. படிப்பு, வேலையெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்."

போனை வைத்ததும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"என் ஸ்கோர் நல்லாத்தாங்க இருக்கு."

"என்ன?"

"மூணு வாரம் கழிச்சும் மாத்தலைன்னா? வீடு போயிடும். என் பேரைச் சேர்த்துக்கோங்க. முறைப்படியே... கல்யாணம் பண்ணிக்கிட்டே சேர்த்துக்கலாம். என்னாலதானே இவ்வளவும்."

எந்தப் பெண்ணும் இப்படியொரு வார்த்தையைக் கேட்டுவிடக் கூடாது. அதுவும், மனசு 'சரி' என்று சொல்லத் தயாராக எழுந்து நிற்கிற நேரத்தில்...

"செஞ்ச தப்புக்குப் பரிகாரமா என்னைக் கட்டிக்கப் போறீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"எப்படி இருந்தாலும் வேண்டாம். என் பேரை நானே நிமிர்த்திக்கறேன். அதுக்கு இன்னொரு பேரு முட்டுக் கொடுக்க வேண்டாம்."

குடைக்கு வெளியே இறங்கினாள். நனைந்துகொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை... கண்ணில் வழிவது மழைதான் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அடுத்த மூன்று வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். பின்வாசலிலும் ஒலிபெருக்கி இருந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." காதைப் பொத்தலாம். அவள் பொத்தவில்லை. ஒருநாள் குரல் கட்டியிருந்தது. மழையில் நனைந்தால் இப்படித்தான் ஆகும், மாத்திரை போட்டானோ இல்லையோ... கேட்கவா முடியும்?

இருபதாம் நாள் கடிதம் வந்தது. க்ளோஸ்டு.

கடன் அதிகாரியம்மா புதுத் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். "பரவாயில்லையே, விடாம மாத்த வெச்சிருக்கீங்க. ஆனா மூணு மாசம் தவணை தவறினது தெரியுது. வீட்டு விலையில எழுபது சதவீதம்தான் தர முடியும். வட்டியும் அரை சதவீதம் கூட. இல்லைன்னா இணை விண்ணப்பதாரர் யாராவது..."

"எழுபதே போதும் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இருபது வருஷம்."

"அஞ்சு வருஷமா யோசிச்சாச்சு."

இணை விண்ணப்பதாரர் என்ற கட்டத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

மறுநாள் மதியம். வெயில் பளிச்சென்று அடித்தது. பணி முடிந்து சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தவன், வாசல் தூணோரம் நின்றவளைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டான்.

"கடன் கிடைச்சுடுச்சு," என்றாள்.

"சந்தோஷங்க..."

"கேட்டது முழுசா வரலை. மீதிக்குச் சேமிப்பைப் போடறேன். புதுசா ரெண்டு டாக்டர் வேலை ஒத்துக்கிட்டேன்."

"கட்டிடுவீங்க."

"கட்டிடுவேன். தனியாத்தான் கையெழுத்துப் போட்டேன். என் பேர் மட்டும்தான்."

அவன் தலையை ஆட்டினான். பையின் வாரை முறுக்கினான். "நல்லதுங்க."

"என்ன நல்லது?"

அவன் வாரை இன்னும் முறுக்கினான். நாள் முழுக்க ஊருக்கே பேசுகிறவன்...

"அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வீட்டுக்காகச் சொன்னேனா, உங்களுக்காகச் சொன்னேனான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. நீங்க மட்டும்? பிடிச்சுக் கேட்டீங்களா, குத்தம் உறுத்திக் கேட்டீங்களா?"

"ரெண்டும்தாங்க," என்றான். "பொய் சொல்லலை. உறுத்தல் அந்தப் படிக்கட்டோட போயிடுச்சு. இன்னொண்ணு போக மாட்டேங்குது. தினமும் பின்வாசல்ல நீங்க வர்ற நேரம் பார்த்து மைக்கை எடுக்கறேன். பஸ் இல்லாத நாள்லகூட ஏதாவது ஒண்ணை அறிவிக்கறேன்."

"தெரியும். நேத்து ஒரே பஸ் நாலு தடவை தாமதமாச்சு."

அவன் காது சிவந்தது. அவளுக்கும் கன்னம் சுட்டது. வெயில்தான் காரணம் என்று இந்தத் தடவை அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

"இப்போ எனக்கு வீடு இருக்கு, தொழில் இருக்கு," என்றாள். தலை நிமிர்ந்தே இருந்தது. "எவர் கையெழுத்தும் தேவையில்லை. யாருமே தேவையில்லை... தேவையில்லாமத்தான் வந்து நிக்கறேன். புரியுதா?"

அந்தப் பெரிய கண்கள் நிறைந்து, தளும்பி, சிரித்தன.

"புரியுது."

"ராவுற சத்தம் காதைக் கிழிக்கும். துணியெல்லாம் தூசி ஒட்டும்."

"பரவாயில்லைங்க."

"அப்போ வா," என்றாள் அவள். "என் வீட்டைக் காட்டறேன்."