அம்பா வலைக்குத்தான்

நிலாவெளிக் கடற்கரையில் லோஜனாவின் தொண்டையைத் தெரியாதவர்கள் இல்லை. அவளுடைய அப்பா கதிரவேலின் கரைவலையை ஆட்கள் இழுக்கும்போது, முன்னால் நின்று அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவள்தான். "ஏலேலோ!" என்று அவள் தொடங்கினால், கயிறு பிடித்திருக்கும் மாமாமார் எல்லாரும் "ஐலசா!" என்று சேர்ந்து இழுப்பார்கள். பாட்டு இருந்தால் பாரம் தெரியாது.

"இழுத்துக் களைக்கிறது அவங்கள். பேர் வாங்கிறது இவள்," என்று அம்மா கேலி செய்வாள்.

லோஜனாவின் அண்ணா சஞ்சீவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாது. எங்கே போவதென்றாலும் சக்கர நாற்காலிதான். ஆனால் கணக்கில் ஆள் புலி. நீலக்குடா உயர்கல்விக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்த அன்று, அப்பா வலையில் பட்ட மீனில் பாதியைத் தெருவுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் முதல் நாள் லோஜனாவும் ஓட்டோவில் கூடப் போனாள். கல்லூரி வாசலில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிந்தன. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வகுப்பு மட்டும் மேல்மாடியில். லிப்ட் கிடையாது.

"அதுக்கென்ன மச்சான், நாங்க தூக்குவம்!" என்றான் கிண்ணியாவிலிருந்து அதே வகுப்புக்கு வந்திருந்த நஸ்ரி. யதுர்சனும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்தார்கள். நல்ல பாரம். நஸ்ரியின் முகம் சிவந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு லோஜனாவின் வாய் சும்மா இருக்குமா?

"ஏலேலோ!" என்றாள்.

"ஐலசா!" என்றார்கள் பையன்கள், சிரிப்பை அடக்க முடியாமல்.

படிக்கு ஒரு ஐலசா. வகுப்புகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், கைதட்டினார்கள். சிலர் படமும் எடுத்தார்கள். சஞ்சீவனும் சிரித்தான். அன்று மாலை லோஜனா இந்தக் கதையை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

அதன்பிறகு அவள் இல்லாவிட்டாலும், தினமும் படிக்கட்டில் அம்பா கேட்டது.

விடுமுறை முடியப்போகிற வேளையில், ஒரு காலையில் லோஜனா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். சஞ்சீவன் தன் தேநீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா! அம்மாட தேத்தண்ணி அவ்வளவு மோசமா?"

"சத்தம் போடாத. அம்மாக்குக் கேக்கப்போகுது."

"பிறகேன் ஊத்துறீங்கள்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "குடிச்சா ரொய்லெட்டுக்குப் போகோணும். அது கீழ இருக்கு. ஒருக்கா இறக்கி, திரும்ப ஏத்தோணும். அதுக்கும் அம்பா பாடுவாங்கள், லோஜி. எல்லாரும் வந்து பாப்பினம்."

லோஜனா முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"தண்ணியும் குடிக்கிறேல்லையா?"

"பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் குடிக்கிறனான். இனி அந்தக் கஷ்டமும் இல்லை. வாற திங்கட்கிழமையிலேயிருந்து நான் போகமாட்டன். இண்டைக்கு இரவு அப்பாட்டச் சொல்லப்போறன். சந்தியில இருக்கிற ஜவ்பர் நானாட கடையில போன் திருத்தப் பழகலாம்."

"கணக்கு?"

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. படிக்கட்டுத்தான் ஏலாமக் கிடக்கு. நான் வலை இல்லை, லோஜி."

லோஜனாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அம்பாவைத் தொடங்கி வைத்தது யார்? அவள்தான். ஊரெல்லாம் பெருமையடித்தது யார்? அதுவும் அவள்தான். அண்ணா ஒரு நாளாவது அவளை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏசாமல் இருந்தது இன்னும் வெட்கமாக இருந்தது. அழவும் வெட்கமாக இருந்தது. அழுதால் அண்ணாவல்லவா அவளைத் தேற்ற வேண்டியிருக்கும்?

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

சஞ்சீவன் அவளை வியப்பாகப் பார்த்தான். அப்படி ஒருவரும் அவனைக் கேட்டதில்லை.

"வகுப்பு கீழ நடந்தாப் போதும். கீழயும் ஒரு பெரிய அறை இருக்கு. உடைஞ்ச கதிரை மேசையெல்லாம் போட்டு அடைச்சு வச்சிருக்கினம்."

"கேட்டனீங்களா?"

"எப்பிடிக் கேக்கிறது? அவ்வளவு சந்தோசமாத் தூக்குறாங்கள். நன்றியில்லாதவன் எண்டு நினைப்பாங்கள்."

"இண்டைக்கு நானும் வாறன்," என்றாள் லோஜனா.

கல்லூரிப் படிக்கட்டில் வழக்கம்போலக் கூட்டம் சேர்ந்திருந்தது. லோஜனாவைக் கண்டதும் நஸ்ரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அம்பாக்காரி வந்திட்டா! எடுங்க தங்கச்சி!"

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். லோஜனாவுக்குக் குரல் வரவில்லை. கடலைப் பார்த்துக் கத்துகிறவளுக்குப் பத்துப் பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓட்டோவுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு அண்ணாவின் காய்ந்த உதட்டைப் பார்த்தாள்.

"அம்பா வலைக்குத்தான்," என்றாள். "அண்ணாவுக்கில்லை. அண்ணாட்டக் கேக்காம நான்தான் பிழையாத் தொடங்கி வச்சனான். எனக்கு வெக்கமாக் கிடக்கு. இனிப் பாடாதீங்கோ. அண்ணா ஒண்டு சொல்லோணும். கேளுங்கோ."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

சஞ்சீவன் மெதுவாகச் சொன்னான். தூக்குவது பற்றி, எட்டிப் பார்ப்பவர்கள் பற்றி, குடிக்காத தேநீர் பற்றி. ஒருவரும் சிரிக்கவில்லை. படமெடுக்கத் தூக்கிய கைப்பேசி ஒன்று சட்டைப் பைக்குள் போனது.

நஸ்ரி நிலத்தைப் பார்த்தான். "முதலே சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"நீங்க கேட்டிருக்கலாமே," என்றான் சஞ்சீவன்.

நஸ்ரி நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த விரிவுரையாளர் இரத்தினேஸ்வரி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கைதட்டினனான்," என்றார். "வகுப்பைக் கீழ வைக்கலாம். அதிபரோட நான் கதைக்கிறன். ஆனா அந்த அறை முழுக்கக் கதிரை மேசையெல்லே? ஆர் வெளியால எடுக்கிறது?"

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க?" என்றான் யதுர்சன். "தூக்கித் தூக்கிப் பழகின ஆக்கள் நாங்கள்."

முதலில் சஞ்சீவன்தான் சிரித்தான். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

அதிபர் சரி என்றதும், கதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உள்ளே ஒரு பெரிய மர அலுமாரி மட்டும் அசைவதாக இல்லை. நாலு பேர் பிடித்தும் அது இடத்தை விட்டு நகரவில்லை. எல்லாரும் லோஜனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாவைப் பார்த்தாள்.

சஞ்சீவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தான். கரைவலைக்காரனின் மகன் அல்லவா? அவனுக்கும் தொண்டை இருந்தது.

"ஏலேலோ!"

"ஐலசா!" என்று கட்டடமே அதிர்ந்தது. அலுமாரி நகர்ந்தது.

அன்று கீழே, கடல் தெரியும் ஜன்னலோரத்தில் வகுப்பு நடந்தது. இடைவேளையில் சஞ்சீவன் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய், இரண்டு பெரிய கோப்பைத் தேநீர் குடித்தான்.