நுழையாதே என்று எழுதிய அறை

தளத்துக்குள் வந்த நிரல் மீனைப் பார்க்கவே இல்லை. கட்டுமாவடி மீன் வியாபாரி சோலையப்பனுக்காக வெற்றிசெல்வன் கட்டிய இணையதளம் அது. தேடுபொறிகள் எங்கெங்கே நுழையக் கூடாது என்று எழுதி வைத்த சின்னக் கோப்பை மட்டும் படித்துவிட்டுப் போனது. பிறகு திரும்பி வந்து அதையே மறுபடி படித்தது.

வெற்றிசெல்வனுக்கு இளக்காரமாக இருந்தது. தேடுபொறிகள் அனுப்பும் நிரல்கள் சொன்ன பேச்சு கேட்கும் மந்தை. கேட்காமல் நுழையும் திருட்டு நிரல்கள் அதைவிட மட்டம். எல்லாவற்றிலும் மட்டம் சோலையப்பன். மொத்த விலைப் பக்கம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமா தம்பி என்று விடியற்காலையிலேயே போனில் புலம்பிய மனிதர்.

திருட்டைப் பிடிக்க ஒரு பொறி வைத்தான். தளத்தில் இல்லவே இல்லாத ஒரு பக்கத்தைத் தடைக் கோப்பில் சேர்த்தான். நல்ல நிரல் அங்கே போகாது. போனால் அது திருட்டு, அப்போதே வெளியே தள்ளப்படும். பெயர்? பிள்ளை தூங்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு 'பின்னறை' என்று தட்டினான்.

பிள்ளைக்குச் சளி மருந்து வாங்கக் கிளம்பிய ரஞ்சிதா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, வேற பேரே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"ஆமா, இதப் படிச்சுட்டு நம்ம வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் ஏறி வரப்போகுது. பேசாமப் போ."

அவள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றை முனகி முடித்தபின், மேகம் கவிந்த அந்த மத்தியான வெளிச்சத்தில் வீடே ஈரச்சாக்கு மணக்க ஆரம்பித்தது. பின்னறையில் தூளிக் கயிறு கொக்கியில் உரசும் சத்தம், பிள்ளை புரளும்போது எழும் அதே சத்தம், இன்று மட்டும் யாரோ ஆட்டிவிடுவதுபோல அளந்து அளந்து கேட்டது.

பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில், தளத்தின் வருகைப் பதிவில் புதிய வரி விழுந்தது. அந்த நிரல் பின்னறையைக் கேட்டிருந்தது. மாட்டிக்கிச்சு கழுதை என்று சிரித்தான்.

ஆனால் அது வெளியே தள்ளப்படவில்லை. இல்லாத பக்கத்துக்கு, 'உள்ளது' என்று சர்வர் பதில் சொல்லியிருந்தது.

அடுத்த வரி: பின்னறை, ஜன்னல்.

அதை அவன் எழுதவில்லை. உள்ளே கொண்டி விலகும் சத்தம் கேட்டது.

அடுத்தது: பின்னறை, தூளி.

உரசல் நின்றது.

பின்னறை என்ற வரியை அழித்தான். அது போதாது என்று பட்டது. எல்லா நிரல்களுக்கும் எல்லா இடத்தையும் மூடும் அந்த ஒற்றைச் சாய்கோட்டைப் போட்டுச் சேமித்தான். எங்கேயும் நுழையாதே.

கோப்பை அது படித்தது.

வாசல். உள்ளது. வாசல் கதவு கிறீச்சிட்டது.

அடுப்படி. உள்ளது. பாத்திரம் ஒன்று உருண்டது.

கொல்லை. உள்ளது.

ஓடினான். பின்னறை ஜன்னல் திறந்து கிடந்தது. அசையாமல் தொங்கிய தூளிக்குள் கைவிட்டுப் பிள்ளையைச் சேலைத் துணியோடு வாரி நெஞ்சில் அணைத்தான். சூடு. மூச்சு. இருக்கிறது.

"ஒண்ணுமில்லடா தங்கம். அப்பா இருக்கேன்."

அப்போது ஹாலில், லேப்டாப்புக்குப் பக்கத்தில், பிள்ளை வீறிட்டு அழுதது.

அவன் அசையவில்லை. நெஞ்சில் இருந்தது கனத்தது. இன்னும் கனத்தது. துணிக்குள்ளிருந்து நீண்ட ஒரு கை, அவன் கழுத்தைச் சுற்றி வந்து, முதுகு வழியாக இடுப்பு வரை இறங்கி, மெல்லத் தட்டிக்கொடுத்தது.