வேதக்கோயிலின் தாகம்

ஓமலூரை அடுத்த அந்தச் சின்ன வேதக்கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க, 1936 பங்குனியில் ஒரு காலை ஆராயியும் அவள் புருஷன் சடையனும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்கல் தோண்ட வந்த இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஆராதனைக்கென்று கட்டியது அது. அவர்கள் இடம் மாறிப் போனதும் பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காலரா பரவியபோது மட்டும் திறந்து, நோய் கண்ட பிள்ளைகளை உள்ளே கிடத்தினார்கள். பிறகு மறுபடியும் பூட்டு. இப்போது உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் ஆராதனைக்காகத் திறக்கப்போகிறார்கள்.

ஆராயி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஐந்து வயது மயிலம்மாள் செத்தது இங்கேதான். அன்று பெற்றவர்களை உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து பிள்ளை தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். ஆராயி நிறைந்த செம்போடு திரும்பி நடந்தாள்.

விடிந்தபோது பிள்ளை இல்லை.

"நீ வேண்ணா ஊட்டுக்குப் போயிரு புள்ள," என்றான் சடையன்.

"இல்லீங்க. ஒருக்கா உள்ள பாத்தர்றேன்."

நடுப்பகலில் சாரம் கட்டக் கயிறு வாங்க அவன் கடைவீதிக்குப் போனான். வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்து நெடியடிக்க, ஆராயி தனியாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காக்கைகளின் சத்தம் சட்டென்று அடங்கியது. பெஞ்சுகளுக்கு அடியில் யாரோ மூச்சுவிட்டார்கள். வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது.

"அம்மா."

ஆராயியின் கை நின்றது.

"தண்ணி..."

ஓடச் சொல்லிக் கால்கள் துடித்தன. ஆனால் இந்தமுறை அவள் போகவில்லை. குடிக்கக் கொண்டுவந்திருந்த குடத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"குடி கண்ணு. இனி ஆரும் தடுக்கமாட்டாங்க. அம்மா இங்கயேதான் இருக்கறேன்."

மடக், மடக்கென்று சத்தம் கேட்டது.

சடையன் திரும்பியபோது அவள் காலிக்குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

சித்திரையில் கோயில் திறந்த அன்றே ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். காலையில் நிரப்பி வைத்திருந்த கல்தொட்டிக்குள் பாதிரியார் கையை விட்டார். தொட்டி காய்ந்து கிடந்தது. மறுபடி நிரப்பச் சொன்னார். ஜெபம் முடிவதற்குள் மறுபடியும் காய்ந்தது. சனங்கள் எழுந்துவிட்டார்கள்.

வாசலில் நின்றிருந்த ஆராயி மெல்லச் சொன்னாள்: "இன்னும் ஊத்துங்க சாமி. என்ர புள்ள குடிச்சுட்டா. அன்னைக்கு உள்ளார பதினாலு புள்ளைங்க செத்துச்சுங்க."

பாதிரியார் குடத்தைத் தாமே வாங்கி ஊற்றினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தொட்டித் தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்கியது.