ஒன்பதாவது பிளாஸ்திரி

எட்டாவது பிளாஸ்திரியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு வெர்னா சமையலறைக்குத் திரும்பியபோது, மேசைமேல் கிடந்த ஒன்பதாவது உறை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் அவள் கையிலேயேதான் இருந்தது. உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். காலி. எண்ணி அடைக்கக்கூடத் துப்பில்லாத கம்பெனி என்று மூக்கைச் சுளித்தாள்.

மினசோட்டாவின் வடக்கே டிசம்பரில் மூன்றரை மணிக்கே வெளிச்சம் நீலம் பாய்ந்துவிடும். தேவாலயத்துப் பெண்கள் துக்கத்துக்குக் கொண்டுவந்து அடுக்கிய ஹாட்டிஷ், அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குக் கலவை, மேடையெங்கும் ஆறிக்கொண்டிருந்தது. ஏழு வீட்டு அடுப்பு, ஒரே சமையல், அதே கருகிய வெங்காய வாடை. ஒருத்திக்காவது மூளை இருந்தால் ஒரு ரொட்டியாவது கொண்டுவந்திருப்பாள்.

புருஷன் ஆர்வின் ஞாயிறு காலை செத்தான், அதுவும் பனிப்புயலுக்கு நடுவில். ஒரு காரியத்தையாவது உருப்படியான நேரத்தில் செய்திருப்பானா அவன்? சவவண்டி எப்படியோ பனி அள்ளும் லாரியின் பின்னாலேயே வந்து எடுத்துப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் மார்லிஸால்தான் வர முடியவில்லை. "மருந்து எதையும் தொடாதீங்க வெர்னா, வலியில்லாத உடம்புல ஒட்டினா மூச்சே மந்தமாயிடும். செவ்வாய்க்கிழமை வந்து நாங்களே எண்ணி, எழுதி, உங்க கையெழுத்து வாங்கிட்டுத்தான் அழிக்கணும்" என்று போனில் சொன்னாள். இன்று மதியம் மறுபடி கூப்பிட்டாள். "எனக்குச் சளி. புதுப் பொண்ணு ஒருத்தி நாலு மணிக்கு வருவா. அவகிட்ட கொஞ்சம் தன்மையாப் பேசுங்க."

எண்ணினால் வெர்னாவின் கதை முடிந்தது. தோல் வழியே வலிமருந்து இறக்கும் பிளாஸ்திரி, மூன்று நாளுக்கு ஒன்று என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி வீட்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஒன்பது மிஞ்சியிருந்தது. ஒன்பது பிளாஸ்திரி என்றால் இருபத்தேழு நாள் வலி. சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. அதுதான் அவளுக்குப் பயம்.

அவள் அப்பா மரம் அறுக்கும் ஆலையில் இரண்டு விரலைப் பறிகொடுத்த அன்றும் சாயங்காலம் மாடு கறந்தவர். ஆர்வின் தரைவிரிப்புக் கடையில் நாற்பது வருடம் அளவு நாடா பிடித்தவன். எலும்பில் புற்று வந்ததும் குழந்தை மாதிரி சிணுங்கினான்.

"வெர்னா, மூணு நாள் ஆயிடுச்சுடி."

"நேத்துதானே ஒட்டினேன். சும்மா ஊளையிடாதே."

அவனால் பார்க்க முடியாது. கை எட்டாத இடமாக, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில்தான் எப்போதும் ஒட்டுவாள். ஒட்டியதும் உள்ளங்கையை வைத்து முப்பது எண்ணும்வரை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். அவள் பத்தோடு கையை எடுத்துவிடுவாள். மிச்சத்தை அவனே சன்னமாக எண்ணி முடிப்பான். அந்த அடிமைத்தனத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ஒன்பதையும் ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துக் கழிவறையில் போட்டுவிட்டால் தீர்ந்தது. நர்ஸ் எண்ண ஒன்றும் இருக்காது. தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம்.

ஆனால் ஒன்பதாவது எங்கே? குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். ஈரப் பூட்ஸ் வாடை. நாற்காலிக் காலருகே கண்ணாடித்தாள் இரண்டு துண்டு, ஒட்டும் பக்கத்தை மூடியிருக்கும் தாள், நடுவில் பிரித்து எடுக்கப்பட்டது. அப்படியானால் உறை காலியாக வரவில்லை. யாரோ பிரித்திருக்கிறார்கள்.

வேறு யார், நான்தான் பிரித்திருப்பேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் கனத்தது. வாய் உலர்ந்தது. கணப்பு இயந்திரம் கீழ் அறையில் முனகி ஓய்ந்ததும் வீடு முழுக்க அமைதி பரவியது, அந்த அமைதிக்குள் ஒரு மூச்சு கேட்டது, உள்ளே இழுத்து, வெகுநேரம் நின்று, விட மனமில்லாததுபோல் மெல்ல வெளியே விடும் மூச்சு. கடைசி வாரம் ஆர்வின் அப்படித்தான் விட்டான். சனியன், செத்தும் சத்தம் போடுகிறான் என்று பல்லைக் கடித்தாள். கூர்ந்து கேட்கத் தன் மூச்சை அடக்கினாள்.

அதுவும் நின்றது.

விட்டாள். அதுவும் விட்டது.

அவளுடைய மூச்சு. அவ்வளவு மெதுவாக.

முதுகில் அரித்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். கையை மேலாக வளைத்தாள். எட்டவில்லை. கீழாக வளைத்தாள். எட்டவில்லை. எழ நினைத்தாள். முழங்கால் கேட்கவில்லை. நாற்காலி முதுகில் தேய்த்துவிடலாம் என்று பின்னால் சாய்ந்தாள்.

சாய முடியவில்லை. நடுவில் ஒரு கை இருந்தது.

உள்ளங்கை. வெதுவெதுப்பாக. பொறுமையாக அழுத்தியது.

"பதினொண்ணு" என்றது சன்னமான குரல். "பன்னண்டு."

"எடு" என்றாள். நாக்கு புரளவில்லை. "எடுடா."

"பதிமூணு."

சமையலறைக் கதவுக் கண்ணாடிக்கு வெளியே பனியை மிதித்து வரும் சத்தம். கம்பளித் தொப்பி, கையில் காகித அட்டை, குளிரில் சிவந்த மூக்கு. புதுப் பெண். வெர்னாவுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நர்ஸைப் பார்த்து அழுகை வந்தது. எண்ணட்டும். எல்லாவற்றையும் எண்ணட்டும். நான் சொல்லிவிடுகிறேன். ஒன்பதும் நான் ஒட்டாமல் வைத்தவை என்று சொல்லிவிடுகிறேன். வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

அந்தப் பெண் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தாள்.

"மேடம், அவசரமே இல்லை! பின்னாடி நிக்கற பெரியவர் அழுத்தி முடிக்கட்டும். நான் இங்கேயே நிக்கறேன்!"

பிறகு வெர்னாவின் தலைக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்து, பதிலுக்குக் கையசைத்தாள்.