விளக்கு வருமுன் அழாதே!

"திருடன்...! திருடன்...! விடாதீய... பிடிங்க...!"

அந்த அலறலில் செம்பூரின் அந்தத் தெரு மொத்தமும் துள்ளி எழுந்தது.

அதிகாலை நாலே முக்கால். 1965 செப்டம்பர். எல்லையில் சண்டை. பம்பாய் முழுவதும் இருட்டடிப்பு. தெருவிளக்குகள் எரியவில்லை. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம்.

கும்மிருட்டில் கதவுகள் படபடவென்று திறந்தன.

முகம்மது ஹனீப் ஓடி வந்தான். துறைமுகத்தில் குமாஸ்தா. இருட்டடிப்பு வந்ததிலிருந்து அந்தத் தெருவுக்கு வார்டன். கழுத்தில் விசில், கையில் நீலக் காகிதம் ஒட்டிய டார்ச்.

பிரம்மநாயகம் வாசலில் நின்றிருந்தார். கையில் மூன்றடி இரும்புக் கம்பி!

காலடியில் ஓர் உருவம்... அசையவில்லை!

உருவத்தைச் சுற்றி ஏதோ குபுகுபுவென்று பரவிக்கொண்டிருந்தது.

"ஐயோ... ரத்தம்!" என்றது ஒரு குரல்.

ஹனீப் குனிந்து டார்ச்சை அடித்தான்.

ரத்தமில்லை.

பால்!

"அரே பாப்ரே... மர் கயா..." என்று முனகியபடி தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான் பால்கார பய்யா.

தெரு சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். பிரம்மநாயகத்தின் மனைவி செண்பகவல்லி. கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, புருஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அதிக நேரம் ஆகவில்லை. மொத்தமே ஐந்தடி இரண்டு அங்குலம்.

"தினம் நமக்குப் பால் ஊத்த வாரவன் அத்தான் அவன். அவனுக்கே பால் ஊத்தப் பாத்தியளே!"

"நீ சும்மா இருட்டி!" பிரம்மநாயகம் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இருட்டுல ஒருத்தன் வந்தா நான் பேரு கேப்பனா, ஊரு கேப்பனா? மொதல்ல அடி! மத்ததெல்லாம் பொறவு!"

"அண்ணாச்சி, அவன் கையில கேன் இருக்கு. திருட வாரவன் கேனைத் தூக்கிட்டா வருவான்?" என்றான் ஹனீப்.

"ஹனீப் பாய், நம்ம வீட்டை நாமதான் காக்கணும். போலீஸ் வாரதுக்குள்ள கழுத்தை அறுத்துட்டுப் போயிருவான். நான் தயாரா இருக்கேன். நீங்க தயாரா?"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

செண்பகவல்லி பாலைக் கழுவிவிடத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

*

மூன்று வாரமாக வீடு வீடாக இல்லை.

பின்வாசல் கதவில் மாட்டு மணி கட்டியிருந்தார் பிரம்மநாயகம். திருடன் தொட்டால் ஒலிக்குமாம். எலி தொட்டபோதெல்லாம் ஒலித்தது! ஜன்னல் திட்டில் ஒரு டப்பா நிறைய மிளகாய்ப்பொடி. திருடன் கண்ணில் வீச. ஒத்திகை பார்த்த அன்று காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. வீராதி வீரர் ஒருநாள் முழுக்க ஈரத்துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தார்.

பால்காரனுக்கு முன்னால் கொடியில் தொங்கிய பாவாடையை ஒரு ராத்திரி அடித்து வீழ்த்தினார். அதற்கும் முன்னால் ஒரு பூனை. பூனை தப்பித்துக்கொண்டது. பூனைக்கு மூளை உண்டு.

செண்பகவல்லிக்குப் புருஷன்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரே ஒரு ஆள் வேண்டுமே!

தாராவியில் இருந்த லேத் பட்டறை அவளுடைய அப்பா பூதத்தான் தன் கையால் எழுப்பியது. சாகும்போது அதை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மருமகனின் அறிவைப் பற்றி அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது! பத்து வருஷமாக முதலாளி நாற்காலியில் பிரம்மநாயகம் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி அவருடையது இல்லை.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு பத்திரத்தை நீட்டினார்.

"பட்டறையைக் கேட்டு ஆள் வந்திருக்கு. கையெழுத்தைப் போடு."

"மாட்டேன்."

"எதுக்கு?"

"எங்கய்யா சம்பாத்தியம். வித்துட்டு நீங்க என்ன செய்யப் போறிய? வேற வேலை என்ன தெரியும் ஒங்களுக்கு?"

பிரம்மநாயகம் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. தட்டை எறியவில்லை. 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த இரும்புக் கம்பி வீட்டுக்குள் வந்தது!

செண்பகவல்லி இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. முட்டாள் என்று முடிவுகட்டிய ஆளை யார் இரண்டாம் தடவை பார்ப்பார்கள்?

*

பால்காரன் அடிபட்ட நாலாம் நாள் காலை.

தெருக்குழாயடியில் ஹனீபின் மனைவி நஸீரா குடத்தை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா... கேட்டா தப்பா நெனக்கக் கூடாது. ஒங்களுக்கு அது சின்ன வயசுலேருந்தே இருக்கா?"

"எது?"

"அதான்... தூக்கத்துல எந்திரிச்சு நடக்குற வியாதி."

செண்பகவல்லியின் கை குடத்தின் கழுத்திலேயே நின்றது.

"எனக்கா? யாரு சொன்னா?"

"அண்ணாச்சிதான் எங்க வீட்டு ஆளுகிட்ட சொல்லி அழுதாவளாம். 'ராத்திரி எந்திரிச்சு நடக்கா பாய். இருட்டுல திருடன்னு நெனச்சு நானே அவளை அடிச்சிருவனோன்னு பயமா இருக்கு'ன்னு. பாவம் யக்கா... கண்ணெல்லாம் கலங்கிட்டாம்."

"வேற யார்கிட்ட சொன்னாவ?"

"எதுத்த வீட்டுல, கடைக்காரர்கிட்ட... தெருவுல எல்லாருக்கும் தெரியுமே. ஒங்க மனசு நோகும்னு யாரும் கேக்கலை."

குழாய்த் தண்ணீர் குடம் நிறைந்து வழிந்தது.



செண்பகவல்லிக்கு அப்படி எந்த வியாதியும் கிடையாது! படுத்தால் கட்டை. விடிந்தால்தான் எழுவாள்.

பூனை... பாவாடை... பால்காரன்... ஒவ்வொன்றாக மனசில் வந்து நின்றன. மூன்று தடவை தெருவையே எழுப்பி, 'இந்த ஆள் இருட்டில் யாரையும் அடித்துவிடுவார்' என்று எல்லோர் வாயாலும் சொல்ல வைத்தாயிற்று. நாலாவது தடவை ஒரு உயிர் போனால்?

'பாவம் மனுசன். தெரியாம அடிச்சிட்டார். அன்னைக்கே பயந்தார்!'

தெருவே சாட்சி. தெருவே ஆறுதல். அவள் போனால் பட்டறை புருஷன் கைக்கு. பதினைந்தாம் நாள் அதை வாங்க ஆள் வருவான்.

இந்த மனுஷனையா மூளையில்லாதவன் என்று நினைத்தேன்? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழாயை மூடினாள். 

"நஸீரா... ஒங்க வீட்டு ஆளு எப்ப வருவாவ?"

"சாயங்காலம் ஆறு மணி. ஏன் யக்கா?"

"உள்ள வா. சொல்லுதேன்."

நஸீராவிடம் அவள் என்ன சொன்னாள் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அவசரம் வேண்டாம்.

*

மறுநாள் ராத்திரி. ஒன்பது மணி.

பிரம்மநாயகம் வழக்கத்துக்கு மாறாக அவள் சமையலைப் பாராட்டினார். ரசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி... இன்னைக்கு நீ அடுக்களையில படு. பின்வாசல் பக்கம் ஏதாச்சும் அரவம் கேட்டா கொரல் குடு. முன்பக்கத்தை நான் பாத்துக்கிடுதேன்."

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் துண்டைப் பார்த்தார்.

"சரி, அத்தான்."

"பயமா இருக்கா?"

"நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

அவள் பாயை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். விளக்கை அணைத்தாள்.

இருட்டு.

*

மணி ஒன்று.

பிரம்மநாயகம் கட்டிலிலிருந்து இறங்கினார். வெறுங்கால். கையில் கம்பி.

அடுக்களை வாசல். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் விரலால் துழாவினார். பாயின் விளிம்பு... போர்வை... புடவைத் தலைப்பு.

அங்கேதான்... சுவரோரம்... தலை!

ஓங்கினார்.

'சதக்!'

ஏதோ ஈரமாகத் தெறித்து அவர் முகத்தில் அடித்தது.

இரண்டு... மூன்று!

கம்பி கீழே விழுந்தது. பிரம்மநாயகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார். கூடத்து விளக்கைப் போடவில்லை. தெருக்கதவைத் திறந்துவிட்டு அடிவயிற்றிலிருந்து அலறினார்.

"திருடன்...! திருடன்...! ஓடி வாங்க...!"

தெரு எழுந்தது. இந்தத் தடவை அலுத்துக்கொண்டே எழுந்தது. பதினைந்து, இருபது பேர் இருட்டில் தடுமாறி வாசலுக்கு வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி... இன்னைக்குத் தபால்காரனா?" என்றது ஒரு குரல்.

பிரம்மநாயகம் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். தலையில் மடேர் மடேரென்று அடித்துக்கொண்டார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த அழுகை. தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. புது நாடக நடிகன் மாதிரி, தன் முறை வருவதற்குள் வசனத்தைக் கொட்டிவிட்டார்.

"ஐயோ... செம்பகம்...! தூக்கத்துல நடந்து வந்துட்டாளே...! திருடன்னு நெனச்சு அடிச்சிட்டேனே...! எம் மகராசி போயிட்டாளே...!"

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள்.

அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சாவகாசமான குரல்.

"யாரு அத்தான் செத்தது?"

"எம் பொண்டாட்டி செம்பக..."

பிரம்மநாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது.

கூட்டம் விலகியது. யாரோ தீக்குச்சியைக் கிழித்தார்கள்.

செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள்! முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். பக்கத்தில் நஸீரா.

"அழாதிய. நான் இங்கனதான நிக்கேன்."

"ஏட்டி... நீ... நீ... அப்ப உள்ள..."

"உள்ள நான் இருக்கேன் அண்ணாச்சி!"

அடுக்களைப் பக்கமிருந்து டார்ச் வெளிச்சத்தோடு வந்தான் ஹனீப். கூடத்து விளக்கின் சுவிட்சைத் தட்டினான். பின்வாசல் மணிக்குள் துணியை அடைத்து, செண்பகவல்லியை அந்த வழியாக வெளியே அனுப்பிவிட்டு, அடுக்களைக் கதவுக்கு வெளியே மூன்று மணி நேரமாகக் கொசுக்கடியில் நின்றிருந்தவன் அவன்.

அவன் கையில் ஒரு பூசணிக்காயின் பாதி. விதைகள் நார் நாராகத் தொங்கின. மீதிப் பாதி பிரம்மநாயகத்தின் மூக்கிலும் மீசையிலும் இருந்தது.

"எங்க வீட்டுக் கூரையில காய்ச்சது" என்றாள் நஸீரா. "நல்ல காய்."

ஹனீப் நிதானமாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, கூடத்து வெளக்கை நான் இப்பதான் போட்டேன். அதுக்கு முன்னால நீங்க அழுதிய. தெருவே கேட்டுச்சு. அந்தக் கும்மிருட்டுல, அடிபட்டது மதினிதான்னு எப்பிடித் தெரிஞ்சிது?"

"அது... அது வந்து... முனகுனா பாய்! 'அத்தான்'னு முனகுனா! கொரலை வச்சுக் கண்டுபிடிச்சேன்..."

"எது? இதா?"

ஹனீப் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினான்.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் நகர்ந்தது எதிர்வீட்டுக்காரர். பிரம்மநாயகத்தின் இடது கையைப் பிடித்தார். இன்னொருவர் வலது கையை. அதற்குப் பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஹனீப் விசிலை எடுத்து ஊதினான்.

*

போலீஸ் ஜீப் வர இருபது நிமிஷம் ஆயிற்று.

மராட்டிய சப்-இன்ஸ்பெக்டர் கம்பியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பூசணிக்காயைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு பிரம்மநாயகத்தின் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

பட்டறைப் பத்திரம் வந்தது. அதற்குள்ளே இன்னொரு தாள். நாலாக மடித்தது. தந்தி பாரம்! இங்கிலீஷில் ஏற்கெனவே எழுதி நிரப்பியது.

சப்-இன்ஸ்பெக்டர் படித்தார். புருவம் ஏறியது. ஹனீபிடம் நீட்டினார்.

"என்ன பாய் போட்டிருக்கு?" என்றாள் செண்பகவல்லி.

ஹனீப் தாளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தான்.

"கோவில்பட்டிக்கு... ஒங்க அண்ணன் இசக்கிப்பாண்டிக்கு. 'செண்பகவல்லி திடீர் மரணம். உடனே புறப்படவும்.' கையெழுத்து பிரம்மநாயகம்."

"தேதி இருக்கா?"

"இருக்கு மதினி. முந்தாநாள் தேதி."

ஒழுங்கான மனிதர். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார்!

 செண்பகவல்லி தாளை வாங்கினாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கும் என்று தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு கணம் கண் கலங்கியது. ஒரே கணம்தான். புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

விலங்கு மாட்டிய கையோடு ஜீப்பில் ஏறப்போன பிரம்மநாயகம் திரும்பினார்.

"ஏட்டி... செம்பகம்... நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாவ. ஒரே ஒரு வார்த்தை சொல்லுட்டி..."

"சொல்லுதேன்."

அவள் ஜீப்பின் அருகில் போனாள். தந்தித் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல 'திடீர்'ங்கிற வார்த்தையை அடிச்சிருங்க அத்தான். முந்தாநாளே தெரிஞ்ச சாவுக்கு அது எதுக்கு? தந்தி ஆபீஸ்ல வார்த்தைக்கு வார்த்தை காசு கேப்பாம்ல!"