விரலால் மூன்று தட்டு

செவந்தி வைது ஒரு தென்னை மரம் கருகியிருக்கிறது. மரமென்றால் சும்மா மரமில்லை, நாற்பதடி. காலையில் அது அவள் வீட்டு ஓட்டின் மேல் மட்டையைப் போட்டது. அவள் இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்து, இரண்டே வசவு வைதாள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் குருத்தோடு தலை தொங்கிவிட்டது. அதில் கூடு கட்டியிருந்த ஏழு காக்கைகள் அன்றைக்கே ஆவூர்ப் பக்கம் குடிபெயர்ந்தன. ஆள் பார்த்து எட்டு என்றும் சொல்வாள்.

வல்லத்திராக்கோட்டையில் இதை நம்பியவர் யாருமில்லை. சத்துணவுக் கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் அமைப்பாளராக இருந்து, அண்டாவையும் ஆயாவையும் இருநூறு பிள்ளைகளையும் ஒரே தொண்டையால் மேய்த்தவள். அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள், தொண்டைக்குக் கொடுக்கவில்லை. அவள் சொல்வதில் முக்காலைத் தள்ளிவிட்டுக் காலை நம்புவது ஊர் வழக்கம். அவள் வீட்டுக்காரர் ரத்தினவேல், கூட்டுறவு சொசைட்டியில் செயலாளராக இருந்தவர், அந்தக் காலையும் நம்ப மாட்டார்.

"இருக்காது," என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "வண்டு தின்னுருக்கும்."

வண்டுதான் தின்றது. குருத்தில் ஓட்டையைச் செவந்தியே பார்த்தாள். அதற்காக அதை வெளியே சொல்ல அவளென்ன பைத்தியமா?

பல்லி வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. மாடியில் குடியிருந்த சரவணக்குமார், டவுனில் செல்போன் கடையில் வேலை பார்த்தவன், வீட்டைக் காலி செய்துபோன ஒன்பதாம் நாள் அவள் கூட்டிப் பெருக்க ஏறினாள். குளியலறைக் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கும் கெட்ட முட்டையும் சேர்ந்த ஒரு வாடை வந்து மூக்கில் உட்கார்ந்தது. குழாயடியில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே, மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த காய்ந்த புளியம்பழம் மாதிரி ஏதோ கிடந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டாள்.

அது இமையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

அறுபத்தொரு வயதுக்குள் எத்தனையோ பல்லியைப் பார்த்திருக்கிறாள். இமை வைத்த பல்லியைப் பார்த்ததில்லை.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது நாள். தண்ணீர் கூட வைக்காமல், கதவைச் சாத்திவிட்டு, சாவியைச் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிக் கால்நடை டாக்டரிடம் போய் நின்றாள்.

"சிறுத்தைப் பல்லிம்மா. வெளிநாட்டுச் சாதி," என்றார் டாக்டர் ஷீபா. "ஆசைக்கு வாங்க வேண்டியது, அலுத்துப்போனா விட்டுட்டு ஓட வேண்டியது. நம்ம வீட்டுப் பல்லிக்கு எமை கிடையாது, நாக்காலயே கண்ணை நக்கித் தொடச்சுக்கும். இதுக்கு எமை உண்டு. சுவத்துல ஏறாது. பல்லி சொல்றதுன்னு சொல்வோமே, அந்தச் சத்தமும் இதுக்குக் கிடையாது, பயந்தா லேசாக் கீச்சுங்கும், அவ்வளவுதான்."

முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். உரிந்த தோல் கழலாமல் வளையம் வளையமாக விரலில் இறுகி, மூன்று விரல் கருகியிருந்தது. இடுக்கி பட்டதும் உதிர்ந்தது.

"முளைக்குமா டாக்டர்?"

"வாலு முளைக்கும். வெரலு முளைக்காது."

செவந்தி வளர்த்தாள். மறைவுக்குத் தேங்காய்ச் சிரட்டை, தோல் உரிக்க ஈரத்துணி போட்ட டப்பா, வயிற்றுக்குச் சூடு கொடுக்க அடியில் ஒரு சின்ன மேட். விறகுக்கட்டைக்கு அடியில் சில்வண்டு பிடித்து, கால்சியம் பவுடரில் புரட்டி, அந்தி மசங்கியதும் அது கண் விழிக்கும் நேரம் பார்த்துப் போட்டாள். புளியம்பழம் ஒரு மாதத்தில் வெண்டைக்காயானது. வால் தடித்தது. தெருவில் அதை உடும்பளவு என்று சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அந்தியில் அது அந்த மொட்டைக் காலை ஊன்றத் தெரியாமல் தடுமாறியதைப் பார்த்தபோது கோபம் பொங்கியது அவளுக்கு.

"ஒன்னைய இப்படிப் போட்டுட்டுப் போனான் பாரு, அவனுக்கும் மூணு வெரலு இதே மாதிரி இத்து விழ!"

ச்சக்.

வெற்றிலைக் காம்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் பேச்சு மெய். விரலால் மூன்று தட்டுத் தட்டி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். செவந்தி அதை யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவிக்கு வாய் போல அவள் விரலுக்கு அது பழக்கம். மேசையில் தட்டினாள். டக், டக், டக்.

"கேட்டுச்சா? இது சொல்லுச்சுங்க!"

"இருக்காது. செவுத்துப் பல்லி."

சுவரைப் பார்த்தாள். டியூப் லைட்டைச் சுற்றி ஈசல், பிடிக்க ஆளில்லாமல் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டோச் சட்டத்துக்குப் பின்னால், காலண்டருக்குப் பின்னால், எங்கும் ஒரு பல்லி இல்லை. தொட்டி வந்த நாளிலிருந்தே இல்லை.

பதினைந்து நாள் கழித்துச் சரவணக்குமார் போன் பண்ணினான், கேஸ் புத்தகத்தை மாடியில் விட்டுவிட்டானாம். நேரில் வர முடியாதாம். "இடது கையில மூணு வெரலு எடுத்துட்டாங்கக்கா. மோதிரம் மாட்டுன மாதிரி இறுக்குச்சு, கருத்துருச்சு. என்னன்னே தெரியல."

அன்றைக்குச் செவந்தி ரேஷன் கடை வரிசையில் ராணி. வரிசையின் தலையில் மூன்று விரலாக இருந்தது, வால் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் முழங்கையாகிவிட்டது. "எம் பல்லியும் நானும் சேந்தா கலெக்டரே எந்திரிச்சு நிக்கணும், தெரியும்ல!" சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து சில்வண்டு போடக் குனிந்தபோது சிரிப்பு நின்றது.

மொட்டைக் காலில் மூன்று விரல் முளைத்திருந்தது. மஞ்சளில்லை, புள்ளியில்லை. மாநிறம். நுனியில் அரிசிக் குறுணை அளவுக்குத் தட்டையாக நகம். ஒன்றில், கடித்துத் துப்பிய மாதிரி, ஓரம் சிதைந்திருந்தது. போன் பேசும்போதெல்லாம் சரவணக்குமார் நகம் கடிப்பான்.

"இங்கிட்டு வந்து பாருங்க."

ரத்தினவேல் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இருக்காது. அழுக்கு ஒட்டியிருக்கு."

"எடுத்துட்டுப் போங்க டாக்டர்," என்று போனில் கெஞ்சினாள். நல்ல இடம் கிடைக்க ஒரு மாதமாகும், அதுவரைக்கும் வெளியே விட்டால் மழையில் செத்துவிடும் என்றார் டாக்டர். சாக விட்டவனைத்தான் வைதாள், அவளே எப்படிச் சாக விடுவாள்? ஆகவே வேறொன்று செய்தாள். ஊரில் யாரும் பார்த்திராத ஒன்று. வாயை மூடினாள்.

பால்காரன் தண்ணீர் கலந்தான், பேசவில்லை. பக்கத்து வீட்டு மருதாயி சாக்கடையைத் திருப்பிவிட்டாள், பேசவில்லை. மருதாயி பயந்துபோய் அவளே திருப்பி மாற்றிவிட்டாள். கோபம் எங்கும் போகவில்லை. நெஞ்சுக்குள் அண்டாவில் கஞ்சி மாதிரி தளதளவென்று கிடந்தது. ஒவ்வொரு அந்தியிலும் தொட்டிக்குள் அது சிரட்டையை விட்டு வந்து, கண்ணாடியில் அந்தக் கையை ஊன்றி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. சில்வண்டு தன் தோள்மேல் ஏறினாலும் அது திரும்பவில்லை. அது எதற்குப் பசித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஆறரை மணிக்குக் கரண்டு போனது. மெழுகுவத்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டவைத்துவிட்டு, ரத்தினவேல் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல்லியைப் பற்றி ஊரெல்லாம் அவரிடம் விசாரித்த எரிச்சல் அவருக்கு இருந்தது.

"எங்க, என்னைய வைய்யி பாப்போம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வைய்யி புள்ள. சொல்லுதான்னு நானும் கேக்குறேன். பயமா? மூணு வெரலுக்கு ஊரைக் கூட்டுனியே."

மழை ஓட்டில் உமி கொட்டுவது மாதிரி பெய்தது. மெழுகு வாடை. தொட்டிக்குள் சிரட்டை நகர்ந்தது.

"நீ சொல்றது பொய்யின்னு ஒனக்கே தெரியும். தென்னைய வண்டு தின்னுச்சு. அந்தப் பய வெரலைச் சர்க்கரை தின்னுச்சு. முப்பத்தெட்டு வருசம் கண்ணை மூடிக்கிட்டு ஒம் பொய்யக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஆமாய்யா! கண்ணை மூடிக்கிட்டுத்தான இருக்கீக! கண்ணு முன்னாடி நிக்குறதையும் இருக்காது இருக்காதுன்னு... அந்த எமை ரெண்டும் மூடாமயே போக!"

சொல்லி முடித்தபின்தான் தன் குரலைக் கேட்டாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. மழை மட்டும்.

ச்சக்.

வலது கையை இடது கையால் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். பிடிக்குள்ளிருந்து ஒரு விரல் மட்டும் நீண்டது.

டக். டக். டக்.

ரத்தினவேல் சிரித்தார். "தற்செயலு," என்றார்.

மறுநாள் காலையில் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "தூக்கம் வரலயா?" "வருது. மூட மாட்டேங்குது." கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ராத்திரி ஈரத்துணியைக் கண்மேல் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் துணியை எடுத்தபோது இமை ஓரம் உள்ளே சுருண்டு, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. அன்றைக்கும் அவர் "அலர்ஜி" என்றார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அந்தியிலும் கரண்டு இல்லை. மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டு அவள் தொட்டியின் முன்னால் மண்டியிட்டாள்.

"நல்லாயிருக்கணும். எம் புருசனுக்குக் கண்ணு மூடணும். நிம்மதியாத் தூங்கணும்."

சத்தமில்லை.

"நான் சொன்னது பொய். தென்னைய வண்டுதான் தின்னுச்சு. ஓட்டைய நாந்தான் பாத்தேன். எல்லாம் பொய்."

இல்லை. நல்ல வார்த்தைக்கு அது வாய் திறக்காது. கோபம் வேண்டும் அதற்கு. தேடினாள். நெஞ்சுக்குள் துழாவினாள். வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு பருக்கை இல்லை. அண்டா காலி.

சிரட்டைக்குள்ளிருந்து அது வந்தது. மெழுகுவத்தி பக்கம் முகத்தைத் திருப்பியது. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி, மெல்ல, இரண்டு கண்ணையும் மூடியது.

மூடிய இமையில் முடி இருந்தது. நரைத்த முடி. இடது இமையோரம் ஒரு சின்ன மரு.

முப்பத்தெட்டு வருஷமாக அவள் பார்த்த மரு.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. திரும்பினாள்.

இருட்டில் ரத்தினவேல் நேராக உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் முழு வட்டமாக, ஈரம் காய்ந்து, மெழுகுவத்திச் சுடரை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றன. வாய் திறந்தது. நாக்கு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. மூக்கைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, வலது கண்ணை ஒரு சுற்று. இடது கண்ணை ஒரு சுற்று. உள்ளே போனது.

"அழுவாத செவந்தி," என்றார், ரொம்ப அமைதியாக. "நீ சொன்னதெல்லாம் நெசந்தான். வெரலும் நெசம். தென்னையும் நெசம். நடந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."