குறைந்த கை

கையைக் கழுவித் துடைத்துவிட்டு மரிய புஷ்பம் மறுபடியும், கையின் உருவை அளந்து ஆளை அறியும் உருச்சட்டகத்தில் வைத்தாள். திரையில் அதே சொற்கள்தான் வந்தன: ‘வேறு நபர்.’

“ஈரம் இருக்கும்க்கா, இன்னும் நல்லாத் துடைச்சிருக்கணும்,” என்றான் ஆஸ்பத்திரிப் பதிவறை ஊழியன் இசக்கிராஜ்.

“துடைச்சுத் துடைச்சு ரேகையே அழிஞ்சிரும் போல. காலைல பஸ்ஸு என்னை ஏத்திக்கிச்சே தம்பி. பஸ்ஸுக்குத் தெரிஞ்ச ஆளு ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா?”

தூத்துக்குடியில் அடையாள அட்டைகள் ஒழிந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பேருந்தோ வீட்டுக் கதவோ, சட்டகத்தில் கையை வைத்தால் போதும். அறுவை அரங்கில் சட்டம் இன்னும் கடுமை. சம்மதம் தந்த கையும் மேசைக்கு வரும் கையும் ஒன்றாக இருந்தால்தான் அறுவை செய்யும் இயந்திரக் கரம் இயங்கும். மூன்று முறை பொருந்தாவிட்டால் சம்மதம் ரத்தாகும். அறுவைக்கு அடுத்த தேதி கிடைக்க எட்டு மாதம் ஆகும். புஷ்பத்துக்கு இரண்டு முறை முடிந்துவிட்டது. அவள் தலைக்குள் இருந்த கட்டி கண் நரம்பைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது. எட்டு மாதம் பொறுத்தால் பார்வை போகலாம்.

மயக்க மருத்துவர் நஸ்ரின் வந்தாள். “மூணாவது தடவை வைக்காதீங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடு, இசக்கி.”

ஆறு மாதத்துக்கு முன் சம்மதம் தந்தபோது பதிந்த கையும் இன்றைய கையும் திரையில் தோன்றின. நஸ்ரின் நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டாள்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி உண்டு. புஷ்பத்துக்கு அங்கே வந்த கட்டி வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரந்தது. கைகால்களும் தாடையும் பெருத்தன, நாக்கு தடித்தது. ஆறு மாதத்துக்கு முன் அவளுக்கு மயக்கம் கொடுத்திருந்தால், தடித்த நாக்கையும் வீங்கிய தொண்டையையும் தாண்டி மூச்சுக்கான குழாயை உள்ளே இறக்கியிருக்க முடியாது. அதனால்தான் நஸ்ரின் முதலில் சம்மதம் வாங்கிக்கொண்டு, மாதம் ஒன்றாக ஆறு தணிப்பூசிகள் போடச் சொன்னாள். ஊசி கட்டியைச் சுருக்கவில்லை; ஆனால் சுரப்பைத் தணித்தது. நாக்கு இறங்கியது, தொண்டை திறந்தது. கூடவே கையும் குறைந்தது.

“பஸ் சட்டகம் தினமும் உங்க கையைப் பாக்குது. நேத்தைய அளவை அழிச்சிட்டு இன்னைக்கு உள்ளதை வச்சுக்கும். சம்மதப் பதிவு முத்திரை வச்சது, அது மாறாது. ஊசிக்கு முன்னால பதிஞ்சதுதான் தப்பு. தப்பு என்னோடதுதான்க்கா.”

“குறைஞ்சா நல்லதுதானே டாக்டரம்மா? மோதிரம் ஏறிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல இந்தத் தாடையும் அடங்கிரும்லா? எம் பொண்ணு கல்யாணத்துக்குள்ள பழைய முகம் வந்திரும்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

நஸ்ரின் மறுபடியும் படங்களைப் பார்த்தாள். திரையில் ஒவ்வொரு விரலின் பருமனும் குறைந்திருந்தது. கணுவுக்குக் கணு நீளம் மட்டும் மயிரிழைகூட மாறவில்லை. கேள்விக்கான பதிலும் சிக்கலுக்கான வழியும் அங்கேயே இருந்தன.

“உக்காருங்கக்கா,” என்றாள். “ஊசி போட்டுக் குறைஞ்சது சதையில இருந்த வீக்கம். எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். கட்டியை எடுத்தா இனிமே வளராது, ஆனா திரும்பியும் போகாது. தாடை இப்படியேதான் இருக்கும். இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

புஷ்பம் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். “ஆறு மாசமா கண்ணாடியில தினமும் தேடிட்டிருந்தேன்,” என்றாள்.

“தீயில கை வெந்தவங்களுக்குச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. எலும்பை வச்சு ஆளைச் சரிபாக்கலாம். உங்க கை எலும்புப் படம் அன்னைக்கே சம்மதத்தோட சேர்த்து முத்திரையில இருக்கு. ஆனா இந்த எலும்பு இனி மாறாதுன்னு நான் சான்று தரணும். அதைக் கேட்டு நீங்களும் சரின்னு வாயால சொல்லணும்.”

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். சட்டகத்தை மாற்றும் பொத்தானில் அவன் விரல் காத்திருந்தது.

“எம் பொண்ணைப் பாக்கக் கண்ணு வேணும்,” என்றாள் புஷ்பம். “என் முகம் எப்படி இருந்தாலும் அவ ஏத்துக்குவா. இது இனி மாறாது. சரி.”

சட்டகம் எலும்பைக் காட்டும் கதிருக்கு மாறியது. மூன்றாம் முறையாக அவள் கையை வைத்தாள். உள்ளங்கையிலும் விரல்களிலுமாகப் பத்தொன்பது எலும்புகள், பத்தொன்பதும் பொருந்தின. அரங்கின் கதவு திறந்தது.

உள்ளே போவதற்கு முன் நஸ்ரின் பதிவேட்டில் எழுதினாள்: ‘தணிப்பூசி பெற்றபின் அறுவைக்கு வருவோரை எலும்பின் அளவைக் கொண்டு சரிபார்க்கவும். ஊசி சதையைக் குறைக்கும், எலும்பைக் குறைக்காது. இதை முதல் ஊசிக்கு முன்பே நோயாளியிடம் சொல்லவும்.’